குட்டி டில்லரும் அப்பாவின் வலது கையும்

சுரக்குடி,
சித்திரை மாதம், ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் சுகிர்தாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரன் நிலவனும் அந்தக் குளிர் தேசத்தில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று திருநள்ளாறு தர்ப்பாரண்யேஸ்வரரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இந்த இடத்தில் நாங்களும் இங்கே சுகம் என்று எழுதுவதுதான் முறை, அப்பா எழுதும்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவார், நானும் அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. கவரைப் பிரித்ததும் இது அப்பா எழுத்து இல்லையே என்று உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். பதறாதே பாப்பா, அப்பா கொல்லையில்தான் இருக்கிறார், நடமாட்டமாகத்தான் இருக்கிறார், மத்தியானம் புளிக்குழம்பில் உப்பு தூக்கல் என்று என்னோடு சண்டை போட்டுவிட்டுத்தான் எழுந்து போனார். வீட்டில் கடிதம் எழுதுவது எப்போதும் அவர் வேலை, போன் வந்த பிறகும் பொங்கலுக்கும் உன் பிறந்த நாளுக்கும் தாளில் எழுதினால்தான் அவருக்குத் திருப்தி. நான் மளிகைச் சீட்டைத் தவிர எதையும் எழுதி எத்தனையோ காலம் ஆயிற்று, தப்பும் தவறுமாக இருந்தால் கிண்டல் பண்ணாமல் படி. போனில் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பாய். எப்படிச் சொல்வது, நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்கிறார், நான் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனால் அம்மாவும் மகளும் அப்படி என்ன ரகசியம் என்று பின்னாலேயே வருகிறார். அதனால்தான் இது. நிலவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, நீ தனியாக இருக்கும்போது படி. படித்தவுடனே போனை எடுக்காதே, கொஞ்ச நேரம் கழித்து எடு.

ஊர் சமாச்சாரம் ஒன்றும் நல்லதாக இல்லை. சம்பா அறுத்துவிட்டுத் தெளித்த உளுந்து மாசியில் பெய்த மழையில் அழுகிப்போய்விட்டது, குத்தகைக்காரர் வந்து வாசலில் நின்றால் அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கொல்லை மாமரத்தில் பூத்த பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது, நீ மாங்கனித் திருவிழாவுக்கு வரும்போது காரைக்காலில் இறைக்கிற மாம்பழத்தைப் பிடித்துத் தின்றால்தான் உண்டு. பக்கத்து வீட்டுத் தங்கப்பன் மாமா மகளுக்குக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது, நீ ஏன் வரவில்லை என்று கேட்காத ஆளில்லை. அந்தத் தங்கப்பன் மாமா எடுத்த வீடியோவைத்தான் நீ போன வாரம் ஸ்டேட்டஸில் வைத்திருந்தாய். அப்பா குட்டி டில்லரைப் பிடித்துக்கொண்டு கொல்லையை உழுகிற வீடியோ. எல்லாரும் பார்த்து ஆஹா ஓஹோ என்றார்கள், உன் பெரியம்மா எனக்குப் போன் போட்டு மச்சானுக்கு இருபது வயசு கொறைஞ்சிட்டுதுடி என்றாள். நீயும் அழுதுவிட்டேன் அம்மா என்றாய். பாப்பா, நீ பார்த்தது பாதி வீடியோ. மெஷின் ஓடும்போதே அது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் முதலிலிருந்து வந்தால்தான் எனக்குச் சொல்ல வரும், உனக்குத் தெரிந்த கதைதானே என்று தாண்டிப் போய்விடாதே.

போன வருஷம் ஆடி மாதம் காரைக்காலுக்கு மருந்து வாங்கப் போன மனுஷன் இந்தக் குட்டி டில்லரோடு லோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். ஜவஹர் அலி தம்பி வைத்திருக்கும் பழைய இரும்புக்கடையில் கிடந்ததாம். பிரெஞ்சு பென்ஷன் வாங்கிய ஒரு பெரியவர் வீட்டை இடித்தபோது தோட்டத்து அறைக்குள் கிடைத்ததாம், அந்தக் காலத்தில் கப்பலில் வந்ததாம், ரோஜாத் தோட்டம் கொத்துவதற்காம். எனக்கு அது ஆட்டுக்குட்டிக்குப் பெரிய கொம்பு முளைத்த மாதிரி இருந்தது, முன்னால் சின்ன எஞ்சின், கீழே மண்ணைக் கொத்துகிற வளைந்த கத்திகள், பின்னால் நடந்துபோய்ப் பிடிப்பதற்கு நீளமாக இரண்டு கைப்பிடி. துருவைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. ரிட்டையர் ஆன மனுஷன் பேரனுக்கு ஒரு சைக்கிள் வாங்குவார், பெண்டாட்டிக்கு ஒரு மிக்ஸி வாங்குவார், இவர் செத்த மெஷினை வாங்கிக்கொண்டு வருகிறாரே என்று நான் கத்தினது தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கொட்டகையில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டார், என் இட்லிக் குண்டானில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார், பிஸ்டன் இறுகிப்போயிருக்கிறது என்று எண்ணெய் விட்டு விட்டுக் காத்துக் கிடந்தார். எஞ்சினில் இருந்த எழுத்தைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினார், நீ பிரெஞ்சில் படித்துச் சொன்னாய், மாப்பிள்ளை எங்கேயோ தேடிப் பெல்ட்டும் கேஸ்கெட்டும் வாங்கி அனுப்பினார். நீங்கள் இரண்டு பேரும் போனில் பேசுவதைக் கேட்டால் எனக்கு ஒன்றும் புரியாது, ஆனால் சரி, மின்சாரத் துறையில் அத்தனை வருஷம் மீட்டரைக் கழற்றி மாட்டின கை, சும்மா இருக்க முடியவில்லை, ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. காபியை முக்கால் டம்ளர் போதும் என்றார், அப்புறம் அரை டம்ளர் என்றார், யாராவது வீட்டுக்கு வந்திருந்தால் எனக்கு வேண்டாம் இப்பதான் குடிச்சேன் என்றார். சட்டையை விட்டுவிட்டு நீ எப்போதோ வாங்கிக் கொடுத்த பனியன் சட்டைகளைத் தலைவழியாக மாட்டிக்கொண்டார், வெயிலுக்கு இதுதான் சௌகரியம் என்றார். தங்கப்பன் மாமா வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்காரவே இல்லை, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் பழைய சோறு கேட்டார். பொங்கலுக்கு உனக்கு எழுதினாரே, அந்தக் கடிதத்தில் எழுத்து போகப் போக எறும்பு மாதிரி சின்னதாகிக்கொண்டே போனது, பேப்பர் விலை ஏறிடுச்சாப்பா என்று நீகூடக் கிண்டல் பண்ணினாய். அப்போது நானும்தான் சிரித்தேன். வலது கை பாப்பா. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதிகமாக ஆடுகிறது, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ உருட்டுகிற மாதிரி. ஏதாவது ஸ்பானரைப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் அடங்குகிறது. என்னங்க கை இப்படி ஆடுது என்று கேட்டால் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார், காலையிலேர்ந்து அரம் போட்டு துரு தேய்ச்ச கை, ஆடாம என்ன செய்யும் என்பார். தங்கப்பன் மாமாவும் ஆமாம் போட்டார், அதிர்ற வேலை பார்த்தா நரம்பு ஆடிப்போயிடும், என் சித்தப்பன் அப்படித்தான் ரைஸ்மில்லுல கையைக் கெடுத்துக்கிட்டான் என்று ஒரு கதையும் சொன்னார். நீயும் போனில் கையுறை போட்டுக்குங்கப்பா, நாலு நாள் ரெஸ்ட் எடுங்கப்பா என்றாய். மெஷின் துண்டு துண்டாகச் சாக்கில் கிடக்கிறது, அது எங்கே அதிர்ந்தது என்று நம்மில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

எனக்கு அந்த மெஷினைக் கண்டாலே பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் கையைக் கெடுத்த சனியன் என்று ஒரு நாள் அவர் பென்ஷன் வேலையாகக் காரைக்கால் போயிருந்த நேரத்தில் ஜவஹர் அலி தம்பிக்குப் போன் பண்ணி வந்து எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். வந்தது அந்தத் தம்பி. கொட்டகையில் நின்று ஒவ்வொரு சாமானாகப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுத்தமாத் தேய்ச்சு வச்சிருக்காரே அண்ணன், இதையா தூக்கச் சொல்றீங்க என்றது. நான் விஷயத்தைச் சொன்னேன். அது கையிலிருந்த சாமானைச் சாக்கில் வைத்துவிட்டு, அக்கா தப்பா நெனைக்காதீங்க, அண்ணன் இதை வாங்க வந்த அன்னைக்கே கை ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு, லோடு ஆட்டோவுல ஏத்தி கயிறு கட்டப் போனாரு, முடிச்சே விழலை, நான்தான் கட்டிவிட்டேன், சுகர் இருக்காண்ணேன்னுகூட கேட்டேன், சிரிச்சுட்டுப் போயிட்டாரு என்றது. மின்கம்பத்தில் ஏறி நின்றுகொண்டு ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்ட மனுஷன் பாப்பா. மெஷினை எடுத்துப் போக வேண்டாம் என்று சொல்லித் தம்பியை அனுப்பிவிட்டேன். அவர் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவிடவில்லை, கேட்டுவிட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை, கொட்டகை வாசலில் உட்கார்ந்துகொண்டு, மெஷின் வேலை பார்க்கிறவன் கை ஆடினா எவனும் ஒரு வார்த்தை கேக்க மாட்டான் சொர்ணம், பேப்பர் படிக்கிறவன் கை ஆடினாதான் கேப்பான் என்றார். மெஷினால் கை போனதில்லை, கைக்காகத்தான் மெஷின் வந்திருக்கிறது.

அதற்கப்புறம் நான் செய்ததைக் கேட்டால் நீ என்னைத் திட்டுவாய், திட்டு. டாக்டரிடம் கூட்டிப்போகாமல் சனிக்கிழமை சனிக்கிழமை எள்தீபம் போட்டேன். அப்பாவுக்கு மீன ராசி, ஏழரை நடக்கிறது, வேறென்ன எனக்குத் தோன்றும். நம் ஊர்க்காரர்கள் யாராவது நளன் குளத்தில் போய்க் குளிப்பார்களா, அது வெளியூர் பஸ்ஸில் வருகிறவர்கள் வேலை, அதற்கும் அவரை இழுத்துக்கொண்டு போனேன். விடியற்காலையில் அந்தக் கூட்டத்தில் பனியனோடு முங்கி எழுந்து, சனீஸ்வரனுக்கு நாம அடுத்த தெருக்காரங்க சொர்ணம், வருஷம் முழுக்க வெளியூரான் க்யூவுல நிக்கிறான், அவனை விட்டுட்டு நம்மளையா புடிக்கப் போறாரு என்று சிரித்தார். அம்பகரத்தூர் அம்மனுக்கும் வேண்டிக்கொண்டேன். வாரங்கள்தான் போயின, கை நிற்கவில்லை. கடைசியில் என் பிரஷருக்கு மாத்திரை வாங்கப் போனபோது திருநள்ளாறு கடைத்தெரு நௌஷின் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், எழுத்து சின்னதானதையும் சொன்னேன். அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டாள். பார்க்காம நான் பேரு சொல்ல மாட்டேன்ம்மா, ஆனா இது கை வலி இல்லை, நரம்பு டாக்டர்கிட்ட காட்டணும், பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரை இருக்கு, நல்லா இருக்கலாம், தள்ளிப் போடாதீங்க என்றாள். வந்து சொன்னேன். முடியாது என்றுவிட்டார். அங்க போனா ஒரு பேரு வச்சு அனுப்புவாங்க, பேரு வச்சாச்சுன்னா அப்புறம் அது நம்ம வீட்டு ஆளு, சோறு போட்டு வச்சிருக்கணும் என்கிறார். பாப்பாகிட்ட மட்டும் சொன்னே, அப்புறம் என்கிட்ட பேசாதே, அது ஒத்தைப் பிள்ளையை வச்சுகிட்டு வேலைக்கும் ஓடிகிட்டு அல்லாடுது, இதைக் கேட்டா டிக்கெட்டைப் போட்டுக்கிட்டு ஓடியாந்துடும், வந்து என் கையைப் பார்த்துகிட்டே உக்காந்திருக்கும், எனக்கு அதுதான் தாங்காது என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

மெஷினுக்கு வருகிறேன். துரு போய் எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது, பெட்ரோல் டேங்குக்குள் சரளைக்கல்லைப் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார், உள்ளே இருந்த துரு பொடிப் பொடியாக வந்து கொட்டியது. நான் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், இந்த ஒரு வேலைக்கு என் கையை அடிச்சுக்க ஆள் கிடையாது பாரு என்று சொல்லிவிட்டு மறுபடியும் குலுக்கினார். ஆனால் கார்புரேட்டரில் வந்து நின்றுவிட்டது. அதில் இருக்கிற ஸ்க்ரூவெல்லாம் கடுகு மாதிரி, ஊசி ஒன்று இருக்கிறது, அதை ஒரு ஓட்டைக்குள் நேராக இறக்க வேண்டும். உன்னிடம் சாமான் இன்னும் சரியாக அமையவில்லை என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாரே, மாப்பிள்ளை அந்த ரப்பர் வாஷரை இரண்டாவது தடவையும் தேடி வாங்கி அனுப்பினாரே, முதலில் வந்ததே சரியான அளவுதான் பாப்பா. விரலால் உட்காரவைக்க வராமல் கிழித்துவிட்டார். மாப்பிள்ளையிடம் அதற்காக நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஒரு நாள் அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தேன், அந்த ஊசியை எடுக்கிறார், கொண்டுபோகிறார், அது குண்டானுக்குள் விழுகிறது, தேடி எடுக்கிறார், துடைக்கிறார், மறுபடியும் கொண்டுபோகிறார், மறுபடியும் விழுகிறது. கோபப்பட்டு எறிந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். எறியவில்லை, பொறுமையாக எடுத்துக்கொண்டே இருந்தார். பொரியலை அடுப்பில் அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் எதிரில் உட்கார்ந்தேன், குடுங்க, எங்க வைக்கணும்னு வாயால சொல்லுங்க, நான் வைக்கிறேன் என்றேன்.

நாற்பது வருஷமாக மல்லிகை கட்டின விரல் எனக்கு, உளுந்தில் கல் பொறுக்கின விரல், ஒரு ஊசியை வைக்க வராதா. ஆனால் உங்கப்பாவிடம் வேலை பார்ப்பது இருக்கிறதே, அது தனிக் கொடுமை. இடது பக்கம் திருப்பு என்பார், உங்களுக்கு இடதா எனக்கு இடதா என்றால் கத்துவார். இறுக்காதே, இது ஊறுகாய் ஜாடி மூடி இல்லை என்பார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தினமும் உட்காருவோம், அவர் சொல்லச் சொல்ல நான் போடுவேன். பொய் சொல்லக் கூடாது, எனக்கு அந்த நாட்கள் பிடித்திருந்தன. அவருக்கும் பிடித்திருந்தது என்றுதான் நினைத்தேன். முடிந்த அன்று நீ வீடியோவில் வந்தாய், கார்புரேட்டரைக் காட்டினார், நான்தான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ எத்தனை சந்தோஷமாகச் சொன்னாய், கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவையெல்லாம் போட்டிருக்கீங்களேப்பா, உங்க கை தங்கக் கைப்பா என்று. தண்ணி மோட்டார் போட்டுட்டு வரேன் என்று அவர் எழுந்து போனார், ஞாபகம் இருக்கிறதா. நாம் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் பேசினோம், மோட்டார் ஓடுகிற சத்தமே கேட்கவில்லை. போய்ப் பார்த்தால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பாப்பா என் கையைச் சொல்லலை, உன் கையைச் சொல்லுது, அதுகூட அதுக்குத் தெரியலை என்றார். தங்கம் விக்கிற விலைக்கு ரெண்டு பேரு கையும் இருந்துட்டுப் போகட்டும் வாங்க என்று இழுத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது வீடியோ நாளுக்கு வருகிறேன். போன வாரம் வெள்ளிக்கிழமை, நல்ல நேரம் பார்த்து, எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கத்திக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் எடுத்தோம். அந்தக் காலத்து மெஷின், சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுப்பது தங்கப்பன் மாமா என்று முதலிலேயே ஏற்பாடு, எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு மச்சான் என்று அப்பா சொல்லி வைத்திருந்தார். இழுக்க இழுக்கச் செருமிக்கொண்டே இருந்தது, எனக்கு அது கிளம்பவே வேண்டாம் என்றும் இருந்தது, கிளம்பாவிட்டால் இந்த மனுஷன் என்ன ஆவார் என்றும் இருந்தது. திடீரென்று குபீரென்று புகை, பிடித்துக்கொண்டது பாப்பா, தெருவே அதிர்ந்தது, காக்கையெல்லாம் பறந்துவிட்டது. அப்பா கைப்பிடியைப் பிடித்தார். அதற்கப்புறம் நீ பார்த்தாயே, கத்தரிப் பாத்தி இருந்த இடத்தை நூல் பிடித்த மாதிரி கொத்திக்கொண்டு போனார், மண் கருப்பாகப் புரண்டு வந்தது. அந்த மெஷினை யார் பிடித்தாலும் கை ஆடும். தங்கப்பன் மாமா கொஞ்ச தூரம் பிடித்துப் பார்த்துவிட்டு, யப்பா பல்லெல்லாம் ஆடுது மச்சான் என்று கையை உதறிக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். கை ஆடுகிறது, யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லார் கையும்தானே ஆடுகிறது. எத்தனை மாதம் கழித்து நாலு பேர் பார்க்கத் தோளை நிமிர்த்தி நடந்தார் தெரியுமா. உழுத இடத்தையே மறுபடியும் உழுதார். போதுங்க, மண்ணு மாவாயிடுச்சு என்று நான் கத்தினேன், காதில் விழுந்தும் விழாத மாதிரி போய்க்கொண்டே இருந்தார். நீ பார்த்த வீடியோ அங்கே முடிகிறது.

அப்புறம் நிறுத்தினார். நிறுத்தினதும் கொல்லை கப்பென்று அடங்கிவிட்டது. தங்கப்பன் மாமா இன்னும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். அப்பா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. மெஷின் நின்றுவிட்டது, கைப்பிடி மட்டும் கடகடவென்று ஆடிக்கொண்டே இருந்தது, அதில் கட்டியிருந்த பூச்சரம் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, சொர்ணம், மெஷினை நிறுத்திட்டேனா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை பாப்பா, அந்த நிமிஷம் அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. தங்கப்பன் மாமா போனைக் கீழே இறக்கிவிட்டார். காபி போட்டு வைத்திருந்தேன், வேண்டாம் தங்கச்சி என்று சொல்லிவிட்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் வேலிப்படலைத் திறந்துகொண்டு போனார். அன்று சாயங்காலம் அப்பா ஆள் அனுப்பி, ஓடறது வரைக்கும் வெட்டி பாப்பாவுக்கு அனுப்புடா என்று சொல்லிவிட்டார், அதுதான் உனக்கு வந்தது. நான் அங்கே கொல்லையில் அவர் கைமேல் என் கையை வைத்து, நிறுத்திட்டீங்க, எப்பவோ நிறுத்திட்டீங்க, கையை எடுங்க என்றேன். எடுக்க நேரம் ஆனது. என் கையும் சேர்ந்து ஆடியது.

அன்றிலிருந்து கொட்டகைப் பக்கம் போவதில்லை. மெஷின் சாக்குக்கு அடியில் கிடக்கிறது. செய்ய ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விட்டது பார், இப்போது கையில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்பானர்கூட அவருக்கு இல்லை, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு டி.வி. பார்க்கிறார். பயமாக இருக்கிறது பாப்பா எனக்கு. உன்னை ஓடி வரச் சொல்லி எழுதவில்லை, உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே, ஆனியில் வருவதாகச் சொன்னபடி வா. வந்ததும் அவர் கையைப் பார்க்காதே, முகத்தைப் பார். எனக்கும் இந்த மெஷினை ஓட்டச் சொல்லிக்கொடுங்கப்பா என்று கேள், நீ கேட்டால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. கைப்பிடியில் அவர் கைக்குப் பக்கத்தில் உன் கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்று போய்விட்டு வா. அப்புறம் பாண்டிச்சேரிப் பேச்சை நீயே எடு. நான் சொன்னால் நச்சரிப்பு, நீ சொன்னால் அவருக்கு அது வேறு. அதுவரைக்கும் போனில் ஒன்றும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. நிலவன் இளைத்திருக்கிறான், அந்த ரொட்டியையே கொடுக்காமல் ராத்திரிக்காவது சோறு பிசைந்து கொடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகச் சொல்.

கடைசி வரிக்கு முன்னால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் நிழல் விழுந்தது, திரும்பினால் அப்பா. எப்போது வந்தார், எங்கேயிருந்து படித்தார் எனக்குத் தெரியாது. தாளை மறைக்க எனக்குக் கை ஓடவில்லை. திட்டப் போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்து மாட்டிக்கொண்டு, கூப்பாடு போட்டு எழுதியிருக்கியோன்னு பார்த்தேன், பரவாயில்லை, உள்ளதைத்தான் எழுதியிருக்கே என்றார். அப்புறம், என் பேரையும் அடியில போட்டுடு சொர்ணம், நீயே போட்டுடு என்று சொல்லிவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனார். சாக்கை இழுக்கிற சத்தம் கேட்கிறது.

நீங்கள் மூன்று பேரும் எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஆனி மாத டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, விலை ஏறிவிடும். வரும்போது வாஷர் எதுவும் வாங்கி வராதே, இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா சொர்ணாம்பாள்,
அப்பா சோமசேகரன்.

இரண்டு பெயரும் நான் எழுதியதுதான், அப்பா பெயர் அவர் சொல்லி எழுதினது.